பதினாறுக்கு ஒன்பதில் விவேக்

சாந்த்ராகாச்சி, ஹவுரா
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் அனுராதாவுக்கு அப்பா மெயிலில் எழுதுவது.

இங்கே உடம்பளவில் மூவரும் நலம், மற்ற அளவுகளில்தான் தகராறு. நீயும் மாப்பிள்ளையும் ஆக்லாந்துக் குளிரில் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படியைத் திட்டிக்கொண்டே ஏறிவிடுகிறாள். ரயில் யார்டுப் பக்கம் மழைத்தண்ணீர் இன்னும் வடியவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்பாய். உன்னோடு நான் பேசினால் உன் தம்பி விவேக் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்தே என் உதட்டைப் படித்துவிடுகிறான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் அதையே செய்தியாக எடுத்துக்கொள்கிறான். காது கேட்காத பிள்ளையிடம் ரகசியம் காப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. நீ வீடியோவில் கூப்பிட்டும் அவன் எடுக்காததற்குக் காரணம் உன் மேல் கோபம் இல்லை, என் மேல்.

டெல்லியில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர் பயிற்சிக்கு அவன் விண்ணப்பித்தது உனக்குத் தெரியும். தான் ஏன் ஆசிரியராக வேண்டும் என்று அவனே சைகையில் சொல்லி ஒரு வீடியோ அனுப்ப வேண்டும். படத்தின் அகலம் பதினாறு பங்கு என்றால் உயரம் ஒன்பது பங்கு, புள்ளிக் கணக்கில் ஆயிரத்து இருநூற்று எண்பதுக்கு எழுநூற்று இருபது என்று குறிப்பு. ஏன் பதினாறு, ஏன் ஒன்பது என்று எங்கும் போடவில்லை. ஜாதகப் பொருத்தத்தில் காரணம் சொல்லவாவது ஒரு ஜோசியர் இருப்பார்.

நான்தான் படம் பிடித்தேன். மனிதன் நெட்டுக்குத்தாக நிற்கிறான், போனையும் அப்படியே பிடித்தேன். படுக்கவைத்துப் பிடி என்று விவேக் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினான். எனக்குத் தெரியும் என்று தலையசைத்தேன். முப்பது வருஷம் ரயில்வே ஆபீசில் இருந்தவனுக்கு அந்தத் தலையசைப்பு தானாக வரும். இடுப்புவரை, இரண்டு கையும் தெளிவாகத்தான் விழுந்தது. உயரம் பதினாறு, அகலம் ஒன்பது, எண்கள் இரண்டும் இருக்கின்றன, இடம்தான் மாறியிருக்கிறது என்று நினைத்துப் பவானிபூரில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் தபன் பாபுவுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். இடமில்லை இடமில்லை என்று போன் கெஞ்சியதால் அசலை அழித்தும் விட்டேன். தபன் பாபு மேலேயும் கீழேயும் வெட்டி அளவுக்குக் கொண்டுவந்தார். தோளுக்குக் கீழே ஒன்றும் இல்லை. முகம் பாருங்க தாதா, ஹீரோ மாதிரி வந்திருக்கு என்றார். வீட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன், ஹீரோ மாதிரிதான் இருந்தான். அனுப்பிவிட்டேன்.

விண்ணப்பதாரரின் முகத்தைப் பார்த்தோம், அவர் சொல்ல வந்ததையும் பார்க்க விரும்புகிறோம் என்று டெல்லியிலிருந்து பதில் வந்தது. திட்டுவதில் இவ்வளவு மரியாதையை நான் கண்டதில்லை. மறுபடி தபன் பாபுவிடம் ஓடினேன். முதலில் படத்தைப் பக்கவாட்டில் இழுத்துக் காட்டினார், உன் தம்பி மிட்டாய்க்கடை முதலாளி ஆகிவிட்டான், விரலெல்லாம் வாழைத்தண்டு. பிறகு முழுப் படத்தையும் நடுவில் நிறுத்தி இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வைத்தார். கை வந்தது, ஆனால் ஆள் ஜன்னல் கம்பிக்கு நடுவே நிற்கிறவன் மாதிரி ஒடுங்கிப்போனான். வாட்ஸ்அப் ஏற்கெனவே பாதிப் புள்ளிகளைத் தின்றிருந்ததில் வேகமாக அசையும் விரல்கள் மாவாகக் கரைந்துவிட்டன. பெரிதாக்கித் தாருங்கள் என்றேன். இல்லாத விரலை நான் எங்கேயிருந்து கொண்டுவர தாதா என்றார். அதையும் அனுப்பினேன். விரல்கள் புரியவில்லை, வெள்ளிக்கிழமை வரை கடைசி வாய்ப்பு என்று பதில்.

இரண்டு பதிலையும் மறைத்துத்தான் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என் போனில் அவனே பார்த்துவிட்டான், நான் அனுப்பிய முகத்தையும் பார்த்தான். பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருந்தால்கூடத் தேவலை. அம்மாவிடம் சைகையில் ஏதோ சொன்னான். அவள் எனக்கு அப்படியே சொன்னாள். இந்த வீட்டில் அப்பா இருபத்தொன்பது வருஷமாக என் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார், கை இல்லாமல் வந்தால் அவருக்கு என்ன வித்தியாசம் தெரியும் என்று கேட்டானாம். இனி வீடியோவே எடுக்க மாட்டானாம். நான் எதிரே போய் நின்றால் கண்ணை மூடிக்கொள்கிறான். அவன் கண்ணை மூடினால் வீட்டில் மற்ற எல்லோருக்கும் வாய் போய்விடுகிறது. நீ கேட்டுப் பாரேன் என்று அம்மாவிடம் கெஞ்சினேன், நீங்க வெட்டினதை நீங்களே ஒட்டுங்க என்று உள்ளே போய்விட்டாள்.

அனு, இந்த வருஷம் போனால் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். பிறகு ஹவுராப் பட்டறையில் பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அவனுடைய ஒரு வாக்கியத்தையும் யாரும் கேட்காத இடம் அது. எனக்குத் தெரிந்த சைகைகள் சாப்பிடு, வா, குடையை எடு, கரண்ட் பில். மன்னிப்புக் கேட்கத் தெரியாது, தேவைப்படும் என்று தோன்றியதில்லை. தப்பு என்னுடையது, நீ இன்னொரு தடவை சொல், இந்த முறை உன் கையைப் பார்க்கிறேன் என்பதை நீ சைகையில் செய்து எனக்கு வீடியோவாக அனுப்பு. போனைப் படுக்கவைத்துப் பிடி, முழங்கை வெளியே போகாத தூரத்தில் நில், வெளிச்சம் முன்னால் இருக்கட்டும், வாட்ஸ்அப் வேண்டாம், மெயிலில் அனுப்பு. மெதுவாகச் செய்யம்மா, அறுபத்தாறு வயதில் விரல் சொன்னபடி மடங்குவதில்லை.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். காலில் சாக்ஸ் போட்டுக்கொள். உங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை எங்களுக்கு முன்னாலேயே விடிந்துவிடும், அந்தக் கணக்கிலேயே அவசரப்படு. அவன் கண்ணைத் திறக்கிற நேரம் பார்த்து எதிரே நிற்கப்போகிறேன், அதற்குள் எனக்குப் பாடம் ஆகியிருக்க வேண்டும்.

உன் அப்பா,
முத்துகிருஷ்ணன்