நகல் எடுக்காத குரல்

நயினாரே,

மேஜைமேல் உன் டேப்லெட் கிடக்கிறது. பாட்டரி உப்பி முதுகு வளைந்துவிட்டது. கண்ணாடி ஒரு பக்கம் எழும்பி நிற்கிறது. ரப்பர் உறையில் இன்னும் வைக்கோல் வாசனை. லாரியில் தர்பூசணி அடுக்கும் இடத்தில் கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொண்டு திரிந்தாயே, அந்த வாசனை. உறையின் மடிப்பில் ஒரு வைக்கோல் துணுக்குகூட மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை எடுக்கவில்லை. இந்தச் சாமானில் நீ விட்டுப்போனது என்று இப்போது அது ஒன்றுதான் இருக்கிறது. மற்றதையெல்லாம் நான் காலி பண்ணிவிட்டேன்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். உன் குரலைத் தொலைத்துவிட்டேன்.

பத்து நாளைக்கு முன்னால் தங்கச்சி செஞ்சி பஸ்ஸில் வந்து கிடங்கு வாசலில் இறங்கினாள். உன் வீட்டுக்காரி எனக்குத் தங்கச்சி ஆகி முப்பது வருஷம் ஆகிறது. அதில் ஒரு நாளும் அவள் என்னிடம் ஓர் உதவி என்று வந்து நின்றதில்லை. துணிப்பையிலிருந்து இதை எடுத்துக் கொடுத்து, “உப்பிக்கினே போவுதுண்ணா. உள்ள இருக்கறத கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்துடுங்க. வேற யாருகிட்டயும் குடுக்க மனசு வரல” என்றாள். சாயந்தரத்துக்குள் முடித்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கிடங்கு வைத்து இத்தனை லோடு அனுப்பியவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் அந்த மூன்று நாள் ஞாபகம் இருக்கிறதா? குரல்பெட்டியை எடுத்துவிடப் போகிறோம், அதற்குள் என்னென்ன பேச வேண்டுமோ பதிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று பாண்டி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். டேப்லெட் திரையில் கட்டம் கட்டமாக வரும், கட்டத்தை அமுக்கினால் உன் குரல் பேசும். முதல் இரண்டு நாள் கிடங்கு ரூமில் ஃபேனை நிறுத்திவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். லிஸ்ட் போட்டது நான்தான். நான் சொல்லச் சொல்ல, அந்தக் கரகரத்த தொண்டையில் நீ ஒவ்வொன்றாகச் சொன்னாய். வண்டி கெளம்பிடுச்சி. கட்டாது. காய் பெருசு, உள்ள வெள்ளை. வைக்கோல் இன்னும் போடு. லாரிக்கு நம்பர் போடுகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று.

மூன்றாம் நாள் வந்தபோது வாசலிலேயே நிறுத்தினாய்.

“இன்னிக்கி நீ வேணாம். ஊட்டு சமாச்சாரம்.”

அன்றைக்கு நீ தனியாக உட்கார்ந்து பதிந்ததுதான் லிஸ்டில் பெரும்பகுதி. இருநூற்றுப் பன்னிரண்டில் முடித்திருந்தாய். கடைசிக் கட்டத்தில் ‘மொதலாளி’ என்று என்னைக் கூப்பிடுகிற பேர். ஆபரேஷன் முடிந்து நீ கிடங்குக்கு வந்த அன்றைக்கு அதைத் தொடப்போனேன். என் கையைத் தட்டிவிட்டுத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினாய்: நான் போனப்பால.

அப்புறம் இரண்டு சீசன் அந்தக் கட்டங்களை வைத்தே ஓட்டினாய். சென்னை வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்டால் ‘கட்டாது’வை விடாமல் அமுக்குவாய். கட்டாது, கட்டாது, கட்டாது என்று ஒரே மாதிரி ஏற்ற இறக்கத்தில் அது கத்த, அந்த ஆள் சிரித்தே ஒத்துக்கொள்வான். ஒரு நாள் வெள்ளை வேட்டிக்காரர் ஒருத்தர் கிடங்கில் வந்து உட்கார்ந்து தனக்கு யார் யாரைத் தெரியும் என்று அளந்துகொண்டிருந்தார். நீ முகத்தை நல்ல பிள்ளையாக வைத்துக்கொண்டு ‘காய் பெருசு, உள்ள வெள்ளை’யை அமுக்கினாய். லோடுமேன்கள் லாரிக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சிரித்தார்கள். எனக்குத்தான் அவரைச் சமாதானப்படுத்துகிற வேலை.

நம் இருவருக்கும் சண்டை என்று வந்தால் அது பொழுதை வைத்துத்தான். பொழுது சாய்ந்தால் நீ வாயில் சோறு வைக்க மாட்டாய். உங்கள் சமண ஜனத்தின் வழக்கம். பாதி லோடு ஏறியிருக்கும், நீ கணக்குப்பிள்ளை மாதிரி வானத்தைப் பார்ப்பாய். ஒரு தடவை நான் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். குரல் இருந்த காலம் அது. நீ கோபப்படவில்லை. “நீ இருட்டனப்பால தின்னுவ, நான் தின்ன மாட்டேன். அவளும் எனக்காகப் பட்டினி கெடப்பா. வண்டிய அனுப்பு” என்றாய். ஐந்தரை மணிக்கெல்லாம் தார்ப்பாய் கட்டச் சொல்லிவிட்டு, போனை எடுத்து, வண்டி கெளம்பிடுச்சி என்று சொல்லிவிட்டு வைப்பாய். குரல் போன பிறகும் அதே நேரத்துக்கு டேப்லெட்டைப் போன் பக்கத்தில் பிடித்து அதே கட்டத்தை அமுக்குவாய். சென்னைக்குத்தான் தகவல் சொல்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ ஆவணியில் போனாய். இப்போது மாசி. நீ எழுதிக் காட்டிய அந்த ‘அப்பால’ வந்து ஆறு மாசம் ஆகியும் நான் அந்தக் கடைசிக் கட்டத்தை அமுக்கவில்லை. ஏன் என்று கேள். பயம், நயினாரே.

ஆபரேஷன் நடந்த வருஷம் தை மாசமே உன் தொண்டை கட்டியது. தங்கச்சி பாண்டிக்குக் கூப்பிட்டாள். நீ போகிறேன் என்றுதான் கிளம்பினாய். அன்றைக்கு ஏழு வண்டி நிற்கிறது. “சீசன் முடியட்டும் நயினாரே, தொண்ட எங்க ஓடிடப் போவுது?” என்று சொன்னவன் நான். நீ சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு லோடு பார்க்கப் போனாய். வைகாசியில் போனபோது டாக்டர் ஏன் இத்தனை நாள் என்று கேட்டார். நீ என்னைப் பார்க்கவில்லை. நான் ரூம் மூலையில் இருந்த எடை மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி நீ அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அது அந்த இருநூற்றுப் பன்னிரண்டாவதில்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். திட்டியிருந்தால் தாங்க மாட்டேன். மன்னித்திருந்தாலும் தாங்க மாட்டேன். அதனால் இன்னும் ஒரு மாசம் போகட்டும், இன்னும் ஒரு மாசம் போகட்டும் என்று தள்ளினேன். உன் தொண்டையைத் தள்ளிப்போட்ட மாதிரியே.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஒயரைக் கம்ப்யூட்டரில் சொருகினேன். சார்ஜ் ஏறுகிறது, உள்ளே இருப்பது எதுவும் கம்ப்யூட்டரில் தெரியவில்லை. மூன்று ஒயர் மாற்றிப் பார்த்தேன். பொறுமை போய்விட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் நடைபாதைக் கடையில் ஒரு பென்டிரைவ் வாங்கினேன், அதை டேப்லெட்டில் மாட்டுகிற சின்ன முனையும் சேர்த்து. இவ்வளவு பெரிய அளவு இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே என்று எனக்கு ஒரு பெருமை. ஒரு காயைக்கூடத் தட்டிப் பார்க்காமல் வாங்காதவன், அதைத் தட்டிப் பார்க்கவில்லை.

மாட்டினதும் டேப்லெட் இரண்டு வழி கேட்டது. நகலெடு, நகர்த்து. இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. நம் தொழிலில் சரக்கு ஒரு இடத்தில்தான் இருக்கும். ஏற்றினால் ஏற்றினதுதான், கிடங்கைக் கூட்டிவிட்டுப் பூட்டுவோம். அங்கேயும் இருக்கட்டும் இங்கேயும் இருக்கட்டும் என்பது எனக்குப் புரியாத சங்கதி. ‘நகர்த்து’ என்பதைத் தொட்டேன். முதலில் போட்டோவும் வீடியோவும் போயின. கடைசியில் உன் குரல் இருந்த ஃபோல்டர் போனது. கம்ப்யூட்டரில் சொருகினேன். ஒன்றிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு வரை வரிசையாக நின்றன. முதல் மூன்றை ஓட்டிப் பார்த்தேன். உன் குரல் கணீரென்று வந்தது. தங்கச்சிக்குப் போன் பண்ணி எல்லாம் ஏறிவிட்டது என்றேன்.

மறுநாள் நிதானமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். நாற்பத்து மூன்று வரை பேசியது. நாற்பத்து நான்கு திறக்கவில்லை. நாற்பத்து ஐந்து திறக்கவில்லை. கீழே கீழே போனேன். பேர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. கடைசி நம்பரில் ‘மொதலாளி’ என்று இருந்தது. ஆறு மாசம் தொடாதவன் அன்றைக்கு அதை எத்தனை தடவை அமுக்கினேன் என்று தெரியாது. டேப்லெட்டைத் திறந்தால் கட்டங்கள் அப்படியே இருந்தன. அமுக்கினால் சத்தம் இல்லை. குரல்பெட்டி எடுத்த அன்றைக்கு வார்டில் நீ வாயை அசைத்தாயே, அது மாதிரி.

விழுப்புரத்துக்கு ஓடினேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போனும் கம்ப்யூட்டரும் ரிப்பேர் பார்க்கிற ஒரு பெண், முப்பது வயசு இருக்கும், வெடுக்கென்று பேசுகிறவள். பென்டிரைவைப் பிரித்துப் பார்த்து, இது பெரிய அளவு என்று பொய் சொல்கிற சரக்கு, பிடிக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டு மிச்சத்துக்குப் பேரை மட்டும் காட்டும் என்று விளக்கினாள். எனக்கு அவள் விளக்க வேண்டியதே இல்லை. மேல் அடுக்கில் நல்ல காய், கீழே அழுகல். எத்தனை பேருடைய வண்டியைக் கையை உள்ளே விட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம், நீயும் நானும்.

அழித்தது டேப்லெட்டிலேயே எங்காவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்று கேட்டேன். நான்கு நாள் வைத்துப் பார்த்தாள். “சார், நான் காசுக்காக இழுக்க மாட்டேன். போனது போனதுதான்” என்றாள். ஒயரைச் சொருகினதும் டேப்லெட் திரையை மேலிருந்து இழுத்து, ஃபைல் அனுப்பு என்ற இடத்தில் ஒரு தடவை தொட்டிருந்தால் கம்ப்யூட்டரில் வந்திருக்குமாம். ஒரு தடவை. அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மிஞ்சின நாற்பத்து மூன்றை நல்ல போன் ஒன்றில் ஏற்றிக் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது கூட்டேரிப்பட்டில் டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு அந்த நாற்பத்து மூன்றையும் கேட்டேன். அத்தனையும் நான் சொல்லிக் கொடுத்தது. அத்தனையும் வியாபாரம். நீயாகச் சொன்னதில் ஒன்றுகூட இல்லை. என் பேச்சை உன் குரலில் காப்பாற்றிவிட்டு, உன் பேச்சை அழித்திருக்கிறேன். டீக்கடைக்காரர் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார். வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி முறத்தில் மல்லாட்டையை உடைத்துக் கடலை பிரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அவள் முறத்தை வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, “வண்டி கெளம்பிடுச்சி இருக்குதாண்ணா?” என்றாள்.

அதுதானே முதல் நம்பர். போட்டுக் காட்டினேன். உன் குரலுக்குப் பின்னால் ரோட்டில் போகிற லாரியின் ஹார்ன். அவள் போனைக் காதில் வைத்துக் கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள்.

“மத்ததெல்லாம் ஒரு வாட்டி கேட்டேன், தாங்கல, வுட்டுட்டேன். நான் தெனம் அமுக்கறது இது ஒண்ணுதான். அவரு இத சொன்னாருன்னா நான் உல வெப்பேன். பொழுதுக்குள்ள வந்துடுவாரு.”

இத்தனை வருஷமாக ஐந்தரை மணிக்கு நீ போனில் சொன்னது அவளிடம். சென்னைக்காரனிடம் இல்லை. என் லிஸ்டில் முதல் வரியே உன் வீட்டு சமாச்சாரமாக இருந்திருக்கிறது. நீ ஒன்றும் சொல்லாமல் பதிந்துகொண்டாய்.

அவளுக்கு ஒன்று மிஞ்சியது. எனக்கு? கேட்டே விட்டேன். “கடைசிக் கட்டம், என் பேர்ல இருந்தது, அதுல என்ன சொல்லியிருந்தான்?”

“உங்களுக்குன்னு வெச்சதுண்ணா. நான் எப்படி அமுக்குவேன்?”

அப்போதுதான் சீசன் முடியட்டும் என்று உன்னை நிறுத்தியதைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. தான் பாண்டிக்குக் கூப்பிட்டபோதும் அவர் அதையேதான் சொன்னார், நீங்கள் சொல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டார் என்றாள். நல்ல மனசு. ஆனால் நயினாரே, ஆறுதல் எது, சரக்கு எது என்று பிரித்துப் பார்த்தே பிழைத்தவன் நான். நீ சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பி நின்றதைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

விழுப்புரத்துப் பெண் அந்தப் பென்டிரைவை அழித்துக் கொடுத்தால் கொஞ்சம் அளவுக்கு உபயோகப்படும் என்றாள். வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன். தினம் காலையில் கிடங்கைத் திறந்ததும் அதைச் சொருகி இருநூற்றுப் பன்னிரண்டை அமுக்குகிறேன். திறக்க முடியவில்லை என்று வருகிறது. கை விட்டுப் பார்த்த வண்டிதான், கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அமுக்குகிறேன்.

நேற்றுச் சாயந்தரம், புது போன் சரியாக வேலை செய்கிறதா என்று கேட்கத் தங்கச்சியைக் கூப்பிட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் உன் குரல் கேட்டது. வண்டி கெளம்பிடுச்சி. என் எதிரில் லாரி பாதி லோடுடன் நின்றுகொண்டிருந்தது. அவள், “சரிண்ணா, அப்பால பேசறேன், உல வெக்கணும்” என்று வைத்துவிட்டாள்.

தார்ப்பாய் கட்டச் சொன்னேன். இன்னும் பாதி ஏற வேண்டுமே என்று லோடுமேன்கள் பார்த்தார்கள். கட்டுங்கடா என்றேன். வெளிச்சம் இருக்கும்போதே வண்டி ரோட்டில் ஏறியது. சட்டைப் பையில் இருந்த பென்டிரைவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். உன் கையால் வைத்த என் பேர் அங்கே இருக்கிறது. பேர் மட்டும்.