தகர டப்பா

அத்தானுக்கு,

கொழும்புத் தோணியில வந்த இசக்கியப்பன் அண்ணாச்சி நீங்க குடுத்துவிட்ட தகர டப்பாவைத் தந்தாரு. வீட்டுல இருக்கிற உங்க மூக்குப்பொடியை அதுல மாத்தி வைக்கச் சொல்லியிருக்கீய.

தகரத்துல வச்சா கடல் காத்துக்குத் துரு வாடை ஏறும்னு, கல்யாணமான மறுநாளே பொடி அடைச்சு வைக்க எனக்கு வாழை மட்டை மடிக்கச் சொல்லித் தந்தது யாரு? உள்ள நெய் தடவி, மட்டை வெடிச்சா வேற மாத்தி, யுத்தம் முடிஞ்சதும் வருவீயன்னு வச்சிருக்கேன். யுத்தமும் முடிஞ்சு, போனவுக எல்லாரும் வந்தாச்சு.

இப்ப டப்பாதான் நல்லதுன்னு எழுதுதீய. இது உங்க பேச்சில்ல. அங்கன உங்களுக்குப் பொடி அடைச்சு வைக்கிறது யாருன்னு நான் கேக்கல. அண்ணாச்சியும் என் முகத்தைப் பாக்காமலே போயிட்டாரு.

டப்பாவை அதே தோணியில திருப்பி அனுப்புதேன். பொடி மட்டையிலதான் இருக்கு, ஈரம் போகல. வேணும்னா வந்து எடுத்துக்கிடுங்க.

இப்படிக்கு,
இங்கன இருக்கிற உங்க வீட்டுக்காரி