ஆர்ட் பேப்பரில் அறுபது குஞ்சுகள்

ஜூன் 2, திங்கள்

அறுபது கோழிக்குஞ்சுகள் வந்து இறங்கிவிட்டன. பிறந்து ஒரு நாள்தான் ஆகிறதாம். வீட்டின் பின்னறைக்கு ஒரு மின்விசிறி வேண்டும் என்று ஏழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், வரவில்லை. இன்று ஒரே மதியத்தில் மூன்று குண்டு பல்பு, ஒரு வெப்பமானி, வட்டமாக நிறுத்தத் தகரத் தடுப்பு எல்லாம் அந்த அறைக்கு வந்துவிட்டன. கோழியாய்ப் பிறந்திருக்கலாம்.

இவர் அச்சகத்தை மூடி ஏழு மாதம். அதில் ஆறு மாதம் கைப்பேசியில் கோழி வீடியோ பார்த்தே கழிந்தது. இப்போது கோழிப் பண்டிதர் ஆகிவிட்டார். முந்தாநாள் வரை முட்டையில் எது வெள்ளை எது மஞ்சள் என்று நான்தான் பிரித்துக் கொடுத்தேன்.

தரையில் உமி பரப்ப வேண்டும் என்றார். உமித் தூசி பட்டால் எனக்குத் தும்மல் நிற்காது, வீடெல்லாம் பறக்கும், ஒரு பிடி உமி உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அச்சகத்தில் மிச்சமான ஆர்ட் பேப்பர் கட்டுக்கட்டாகக் கிடக்கிறதே, அதை விரியுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு விரித்தார். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் சுத்தம். இந்த வீட்டில் மூளை உள்ளவள் நான் ஒருத்திதான்.

ஜூன் 3

அண்ணன் கிளினிக்குக்கே போன் செய்தான். நான் சீட்டு எழுதும் மேசையில் இருக்கும்போது எனக்கு எதிரே பன்னிரண்டு பேர் இருமிக்கொண்டிருப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன. அவனுடைய சரக்குக் கிடங்கில் வாசல் ரிஜிஸ்டர் எழுத ஆள் வேண்டும். உட்கார்ந்த இடத்தில் வேலை. மாப்பிள்ளைக்காக இந்த மாதம் முழுக்கக் காலியாக வைத்திருப்பானாம்.

இவரிடம் சொன்னேன். தீவனத்தை அளந்துகொண்டே பதில் சொன்னார்.

"ஒரு மாசம் குடு. குஞ்சுங்க நின்னா நானும் நிக்கிறேன். இல்லேன்னா உங்கண்ணன் வாசல்ல போய் நிக்கிறேன்."

அண்ணனுக்குத் திரும்பப் போன் செய்து, அடுத்த மாதம் வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டேன். எனக்கு எப்படி அவ்வளவு நிச்சயம்? இருபத்திரண்டு வருடக் கல்யாணம், வேறென்ன.

ஜூன் 4

ஒரு குஞ்சு தண்ணீர்க் குப்பிக்கு ஓடும்போது சறுக்கி உட்கார்ந்தது. சிரித்துவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

சறுக்கிய குஞ்சு எழுந்திருக்கவில்லை. கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்துவிட்டன. பள்ளிக்கூட ஜியோமெட்ரி பெட்டியில் இருக்குமே, காம்பஸ், அதை முழுக்க விரித்து வைத்தது போல். அதற்கு அதுவே பெயர் ஆகிவிட்டது. சாயந்திரத்துக்குள் இன்னும் எட்டு அதே மாதிரி.

இவர் தீவனக் கடைக்காரரிடம் ஓடினார். கடைக்காரர் குஞ்சைப் பார்க்கக்கூட இல்லை, சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டார். பச்சை நிறத்தில் ஒரு டானிக் வந்தது. வீடியோவில் ஒருவர் வைட்டமின் என்றாராம். அது மஞ்சள் நிறத்தில் வந்தது. இன்னொருவர் எதற்கும் ரத்தக்கழிச்சல் மருந்தைக் கலந்துவிடுங்கள் என்றாராம். எதற்கும்! ஒரு குஞ்சுக்கும் கழிச்சல் இல்லை. அதுவும் கலந்தாயிற்று. குடிதண்ணீர் இப்போது துணிச் சாயம் போல் இருக்கிறது.

எங்கள் கிளினிக்கிலும் இதே கூத்துதான். வியாதியை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வருவார்கள், டாக்டர் எதற்கு இருக்கிறார் என்றால் மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போட. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் மட்டும், "அது இருக்கும் ஒரு வாரம், பத்து நாள்..." என்று கூரையைப் பார்ப்பார்கள். ஒருத்தருக்காவது தேதி தெரியுமா? எனக்குத் தெரியும். எழுதி வைக்கிறவள் நான்.

ஜூன் 6

மூன்று போய்விட்டன. எழுந்து தண்ணீர்க் குப்பிவரை போக முடியாதவை. மற்றவை மேலே ஏறி மிதித்திருக்கின்றன.

காம்பஸ் மட்டும் வயிற்றால் நீந்தி நீந்திக் குப்பிக்குப் போகிறது. விரல் வேறு உள்ளே மடங்கிப்போயிருக்கிறது. இருந்தும் வீம்பு.

ஜூன் 7, சனி

இன்று பண்டிதர் புதிதாக ஒன்று கண்டுபிடித்தார். நரம்பைத் தாக்கும் ஏதோ கொள்ளைநோயாம். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே போகுமாம். நம்முடையதற்குப் பக்கவாட்டில் அல்லவா போகிறது என்றேன். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார். மருந்தே கிடையாதாம், எல்லாவற்றையும் முடித்துவிடுவதுதான் வழியாம். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. தகரத் தடுப்புக்கு வெளியே சப்பணமிட்டு உட்கார்ந்து அரைமணி நேரம் குஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் எழுந்துபோய் கத்தரிக்கோலும் ஒரு அட்டைப்பெட்டியும் எடுத்து வந்தார். பெட்டியில் இருந்தது அண்ணனுடைய விசிட்டிங் கார்டுகள். போன வருடம் இவர் அடித்துக் கொடுத்த ஆயிரம் கார்டையும், 'நிர்வாக இயக்குநர்' என்ற எழுத்து சின்னதாக இருக்கிறது என்று அண்ணன் அப்படியே திருப்பி அனுப்பினான். அந்தக் கார்டை முக்கோணம் முக்கோணமாக வெட்டி, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி, அதன்மேல் வைத்துப் பிளாஸ்டர் ஒட்டினார். குஞ்சுக்குச் செருப்பு. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பாதம், அதற்கு மில்லிமீட்டர் பிசகாமல் ஒரு செருப்பு. அச்சகத்தில் இந்தக் கையைத்தான் எல்லோரும் தேடி வந்தார்கள். மறந்துபோயிருந்தேன்.

முடித்துவிடுகிறவர் எதற்குச் செருப்புத் தைக்கிறார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அண்ணன் துக்கம் விசாரிக்க வருகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தான். பின்னறை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். நேற்றுச் செத்த இரண்டு குஞ்சுகள் இன்னும் குப்பைக்குப் போகவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தான். பார்க்கத்தான் வந்திருக்கிறான்.

பிறகு குனிந்து காம்பஸின் காலைப் பார்த்தான்.

"இது என் கார்டு இல்ல?"

"நல்ல அட்டை மச்சான்," என்றார் இவர். "வளையவே வளையாது."

ஒரு செருப்பில் 'நிர்வாக' வரைக்கும் தெளிவாகப் படிக்க முடிந்தது. அதன்மேல் ஈரமாக எதுவோ இருந்தது. நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் சமையலறைக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

கிளம்பும்போது அண்ணன் என்னிடம் தனியாக, இன்னும் ஒரு வாரம் தாங்காது, நாற்காலியைத் துடைத்து வைக்கச் சொல்லட்டுமா என்றான். ம் என்றேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

கிளினிக்குக்கு அரைநாள் விடுப்பு. கால்நடை மருத்துவமனைக்கு நாங்கள் இருவரும், ஷூ பெட்டியில் காம்பஸும். டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. எங்களுக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டி. அது தைரியமாக இருந்தது, இவர்தான் வியர்த்துக்கொண்டிருந்தார்.

கொள்ளைநோய் என்று இவர் ஆரம்பித்ததும் டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஒரு வாரக் குஞ்சுக்கு அந்த நோய் கால்வரை வராது, அதற்கு இன்னும் பல வாரம் வயதாக வேண்டும். மருந்துப் பட்டியலைக் கேட்டார். இவர் பச்சை, மஞ்சள் என்று ஒப்பித்தார். கழிச்சல் மருந்தும் அந்த வைட்டமினும் ஒன்றை ஒன்று வேலை செய்யவிடாது, இரண்டையும் ஒரே தண்ணீரில் கலந்தது எந்தப் புண்ணியவான் யோசனை என்று கேட்டார். புண்ணியவான் தரையைப் பார்த்தார். எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

பிறகு காம்பஸை வழவழப்பான மேசைமேல் விட்டார். கால் இரண்டும் விரிந்து வழுக்கியது. அதையே எடுத்து ஒரு சாக்குத் துண்டின்மேல் விட்டார். நகத்தால் சாக்கைப் பிடித்துக்கொண்டு, முக்கி, அரைகுறையாக நின்றது.

"வீட்ல எது மேல விட்டிருக்கீங்க? எந்தத் தேதியிலேர்ந்து?"

நான் பெருமையாகக் கைப்பையிலிருந்து இந்த நோட்டை எடுத்தேன். நான் எழுதி வைத்திருக்கிறேன் டாக்டர் என்றேன். ஜூன் 2-ஐப் புரட்டினேன்.

புரட்டியவள் அப்படியே நின்றேன்.

"ஆர்ட் பேப்பர்," என்றார் இவர், எனக்கு முன்னால். "பிரஸ்ல மிஞ்சினது. நான்தான் விரிச்சேன்."

நோட்டை மூடிப் பைக்குள் போட்டுவிட்டேன்.

வழுக்குகிற தரையில் முதல் வாரம் கால் ஊன்ற முடியாமல் விரிந்துவிடுகிறது, அவ்வளவுதான் வியாதி. இரண்டு காலையும் நிற்கிற அகலத்துக்கு இழுத்து நடுவே பிளாஸ்டர் போட வேண்டும், இப்போதே செய்தால் முக்கால்வாசி தேறும். கீழே உமி. மருந்து எதுவும் வேண்டாம், சுத்தமான தண்ணீர் போதும். செருப்பை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை வெட்டியது யார், இவ்வளவு சுத்தமாக நானே வெட்டியதில்லை என்றார்.

இவர் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு வாக்கியம்: "என் பேப்பர்தான் எல்லாத்தையும் கொன்னுது."

ஜூன் 10

பதினொரு குஞ்சுக்குக் காலில் பட்டை போட்டோம். நான் பிடித்துக்கொள்ள, இவர் ஒட்டினார். முட்டியில் நரம்பே இடம் மாறியிருந்தால் தேறாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், இரண்டு அப்படி இருந்தன. அவற்றை இவரே எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டு வந்தார். கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

ஆர்ட் பேப்பரை உருவிவிட்டுச் சாக்கு விரித்திருக்கிறோம். உமியைப் பற்றி இவர் வாயே திறக்கவில்லை. எனக்கு ஆகாது என்று.

ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னார், மாசக் கடைசிவரை எதற்கு, நாளைக்கே உங்கள் அண்ணனிடம் பேசுகிறேன் என்று. ஒரு காகிதத்தை எங்கே விரிப்பது என்று தெரியாதவன், முப்பது வருடம் காகிதத்தோடு என்ன செய்தேன் என்றார்.

இதைத்தானே நான் கேட்டேன்? நாற்காலி, சம்பளம், பின்னறைக்கு மின்விசிறி. கேட்டது கிடைச்சாச்சு. அப்புறம் ஏன் தட்டுல சோறு அப்படியே கிடக்குது?

சொல்லிடலாமா? சொன்னா என்ன, தலையா போயிடும்? இல்ல, தலை போகாது, கிரீடம்தான் போகும். இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்ல தப்பெல்லாம் அவரோடது, மூளையெல்லாம் என்னோடது. அவரும் அதை நம்பிட்டாரே. நான் சொன்னதையே மறந்துட்டு தன் தலைமேல எடுத்துப் போட்டுக்கிட்டாரே. மறந்துட்டாரா — இல்ல தெரிஞ்சேதான் டாக்டர் முன்னாடி முந்திக்கிட்டாரா? அதுதான் தாங்கல.

ஜூன் 11, புதன்

காலையில் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கைப்பேசியைக் கையில் எடுத்தார். நான் இந்த நோட்டை ஜூன் 2-இல் திறந்து காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். படியுங்கள் என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

படித்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். நிறுத்தச் சொல்வதற்குள் பக்கத்தையும் புரட்டிவிட்டார். கோழிப் பண்டிதர், ஜூன் 3-இல் அண்ணனுக்கு நான் கொடுத்த வாக்கு, துணிச் சாயம், புண்ணியவான், எல்லாம் போயிற்று உள்ளே. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே துடைத்தேன்.

"அடுத்த மாசம் வந்துடுவார்னு மூணாம் தேதியே சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். தப்புதான்."

டம்ளரைக் காலி செய்தார். நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

"அப்ப உமி வாங்கலாமா?"

வாங்குங்க என்றேன்.

ஜூன் 12

நானே அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் வரமாட்டார், நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வை என்றேன். குஞ்சு பிழைத்துவிட்டதா என்றான். தெரியாது என்றேன். பின்னே எந்தத் தைரியத்தில் என்றான். பன்னிரண்டு பேர் இருமுகிறார்கள் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 14

பட்டையை வெட்டினோம். ஒன்பது நின்றன. ஒன்று உட்கார்ந்து யோசிக்கிறது. காம்பஸ் மூன்று அடி நடந்து, விழுந்து, நாங்கள்தான் தள்ளிவிட்டது போல் எங்களை முறைத்தது.

ஜூன் 19

தீவனக் கடைக்காரர் விசாரித்தாராம்: என் டானிக்தானே காப்பாற்றியது?

ஜூன் 28, சனி

ஐம்பத்து மூன்று நிற்கின்றன. காம்பஸ் ஓடுகிறது, நேராக அல்ல, கொஞ்சம் வடகிழக்காக, ஆனால் ஓடுகிறது. டாக்டரம்மா நேற்றுப் போன் செய்து, விரல் மடங்கிய குஞ்சு எங்கெங்கிருந்தோ வருகிறது, அந்தச் செருப்பை இருபது ஜோடி வெட்டித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். அண்ணனின் கார்டு இன்னும் தொள்ளாயிரத்துக்கு மேல் இருக்கிறது.

ஈர உமியை அள்ளிவிட்டு, காய்ந்ததைப் பரப்பிக் கிளறிவிடுவது தினமும் என் வேலை. நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மூக்கில் துணி கட்டியும் பயனில்லை. இன்று பதினேழு தும்மல். பதினெட்டாவதுக்கு இவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, நீ போ, நான் பார்த்துக்கறேன் என்றார்.

போகவில்லை.