எண் இறங்கிய வருஷம்

அக்கா,

நேற்றுக் காலை மகள் லேப்பில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சிலிருந்து ஸ்பிரிட் வாசனை வந்ததுமே உன் ஞாபகம்தான். சாயங்காலம் முடிவு வந்தது. தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடி போன தடவையைவிடப் பாதியாகக் குறைந்திருக்கிறதாம். மாப்பிள்ளை ஃபோனிலேயே சிரித்தார். நல்ல செய்தி கேட்டுப் பயப்படுகிறவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உனக்கும் இதே நோய் வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். குமாரபாளையத்தில் நீ வாழ்க்கைப்பட்ட வீட்டில் பகலெல்லாம் தறி ஓடும். அங்கே எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள், அதனால் உன் குரல் தடித்துப்போனதை யாரும் கவனிக்கவில்லை. நம் எருமப்பட்டி வீட்டுக்கு நீ வந்திருந்தபோது களத்து மேட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டாய். யாரோ ஆம்பளை என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். சித்திரை வெயிலில் போர்வை கேட்டாய். கழுத்தின் முன்பக்கம் வீங்கியிருந்தது. புற்றுதான் என்று அம்மா அடுப்படியில் போய் அழுதாள்.

சேலத்து டாக்டர் உன் ரத்தத்தை மெட்ராசுக்கு அனுப்பிவைத்தார். ஆன்டிபாடி மிக அதிகம் என்று வந்தது. புற்று இல்லை, உடம்பின் காவல் படையே கழுத்துச் சுரப்பியை எதிரி என்று நினைத்து அழிக்கிறது, அது சுரக்காததைத் தினமும் காலையில் ஒரு மாத்திரை ஈடுகட்டும், ஆயுசுக்கும் விடக்கூடாது என்றார். உன் காதில் முதல் பாதிதான் விழுந்தது. பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்:

"எம் ஒடம்பே என்னைத் திங்குதா சாமி? ஊட்டுக்குள்ளயே திருடன் இருந்தா எந்தக் கதவச் சாத்தறது?"

மாத்திரை வேலை செய்தது. குரல் திரும்பியது, மாமாவைப் பழையபடி திட்ட ஆரம்பித்தாய். அதில் முதலில் சந்தோஷப்பட்டவர் அவர்தான். ஆனால் உன் நினைப்பெல்லாம் அந்த ஆன்டிபாடி எண்ணிலேயே இருந்தது. அது இறங்கினால் மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டாய். மறுபடி சோதித்தபோது இறங்கியும் இருந்தது.

"எண்ணு ஏறும், எறங்கும். அத வெச்சு மாத்திரைய நிறுத்திராதீங்கம்மா" என்றார் டாக்டர். எல்லாரும் தலையாட்டினோம்.

மாசியில் மாரியம்மன் திருவிழாவுக்கு நாள் குறித்து நோம்பி சாட்டினார்கள். நீ காப்புக் கட்டிக்கொண்டாய். அம்மை போட்ட வீட்டில் மருந்து சேர்க்கமாட்டார்கள் இல்லையா, ஆத்தா காப்பு ஏறிய கைக்கும் அதே சட்டம் என்று நீயாகவே வைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிட்டாய். சட்டி ஏந்தி நீ நடந்து வந்தபோது முகத்தில் அப்படி ஒரு தெளிவு. காப்பை அவிழ்த்த பிறகு என்னிடம் சொன்னாய்:

"நோம்பி பூரா முழுங்கல, ஒண்ணும் ஆவல பாரு கண்ணு. ஆத்தா எடுத்துட்டா."

அதற்குப் பிறகும் மாத்திரையை நீ தொடவே இல்லை. அந்த மருந்து உடம்பை விட்டு மெல்லத்தான் போகும் என்று நமக்கு யார் சொன்னார்கள்? நிறுத்தினால் அன்றைக்கே தெரியாது. ஐப்பசி வாக்கில் தறிக்கு நூல் தார் சுற்றும்போதே உட்கார்ந்தபடி தூங்கினாயாம். தறி வீட்டு அலுப்பு என்று விட்டுவிட்டார்கள். மார்கழியில் சளி பிடித்துப் படுத்தாய். நான் ஓடிவந்து நெற்றியைத் தொட்டால் காய்ச்சலைக் காணோம், சில்லென்று இருந்தது. மாத்திரை எங்கேக்கா என்றேன். மூடிய கண்ணைத் திறக்காமலே பழைய ஆம்பளைக் குரலில் சொன்னாய்:

"எதுக்கு? எண்ணுதான் எறங்கிருச்சே."

அதற்குப் பிறகு நீ பேசவில்லை. ஆஸ்பத்திரியிலும் கண் திறக்காமலே போய்விட்டாய்.

நேற்று ராத்திரி சோறு போடும்போது மகள் சாதாரணமாகத்தான் கேட்டாள், பாதியாகிவிட்டதே, இனி மாத்திரை வேண்டுமா என்று. கரண்டியைக் கீழே வைத்தேன். டாக்டர் அன்று சொன்னதை ஒரு எழுத்து விடாமல் அவளுக்குச் சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன். "பயப்படாதம்மா, நான் உடமாட்டேன்" என்றாள். நீயும் அன்று தலையாட்டினவள்தானே.

இன்று விடிந்ததும் காபிக்கு முன்னால் மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தேன். நான் என்ன கொழந்தையா என்று சிரித்துக்கொண்டே வாயில் போட்டாள். அவள் தொண்டை ஏறி இறங்கும்வரை நான் நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் தன் வீட்டுக்குப் போகிறாள். அதற்குப் பிறகு அந்தத் தொண்டையை யார் பார்ப்பார்கள், அக்கா?