கயிறு போட்டு வந்த பக்கம்

12.10.1994, புதன் இரவு

தங்கைக்குக் கருப்பையில் கட்டி. தள்ளிப்போட்டால் ஆபத்து, உடனே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரமாகிறது. இன்று கணபதியில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அவள் கணவர் ஸ்கேன் படத்தை உறையிலிருந்துகூட எடுக்கவில்லை.

"பதிகத்துல கயிறு போட்டுப் பாத்துட்டனுங்க அக்கா. நோயெல்லாம் தன்னால தீரும்னு வந்துருக்குது. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணுங்க?"

கண்ணை மூடிக்கொண்டு தேவாரப் பதிகப் புத்தகத்துக்குள் கயிற்றைச் செருகுவதும், அகப்பட்ட பக்கமே தீர்ப்பு என்பதும். இதே மனிதர் தம் லேத்துப் பட்டறையில் மைக்ரோமீட்டரால் அளக்காமல் ஒரு போல்ட்டைக்கூட வெளியே விடமாட்டார்.

டாக்டர் சொன்னதை விளக்கினேன். "நீங்க படிச்சவீங்க. உங்களுக்கு நம்பிக்கை பத்தாதுங்க" என்று சிரித்தார்.

கயிற்றை வாங்கி நானே செருகினேன். மழு ஏந்திய சிவனைப் பாடும் பக்கம் வந்தது.

"சாமியே ஆயுதத்தோட நிக்குதுங்க மாப்பிள்ளை. கத்தி வெக்கலாம்னுதானுங்களே உத்தரவு?"

உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அப்ப நாளைக்கே ஆஸ்பத்திரில சேத்திப்போடலாமுங்க."

சீ. இப்படியும் ஒரு மூளை. அதை ஜெயிக்க நான் இறங்கிய வாதம் அதைவிடக் கேவலம்.

செருப்பு மாட்டும்போது தங்கை பின்னால் வந்து மெல்லக் கேட்டாள்: "அக்கா, நாளைக்கு வெடியால மறுக்கா கயிறு போட்டாருன்னா?"

அவர் குளித்துப் பூசையறைக்குள் நுழைவதற்கு முன்பே ஆட்டோவோடு வாசலில் போய் நின்றுவிட வேண்டும்.