இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல்

திருச்சி,
நவம்பர் 1986

அன்புள்ள தங்களுக்கு,

அக்னஸ் எழுதுவது. டிரங்க் கால் கிடைக்கவில்லை. மழையில் தந்தியும் போகவில்லை. எங்கள் கல்லூரி நூலகத்து சேக் மைதீன் பகல் ரயிலில் சென்னை வருகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் தயவுசெய்து உடனே தலைமை அலுவலகத்துக்குப் புறப்படுங்கள்.

காவிரி ஏறிக்கொண்டிருக்கிறது. நம் பெண் செல்வமேரியும் பேரனும் ஜீயபுரத்தில் இருக்கிறார்கள். ஞானஸ்நானம் முடிந்ததும் மாமியார் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம். நேற்று எச்சரிக்கை கேட்டுக் கரையோரத்து ஜனங்கள் பள்ளிக்கூட மாடிக்குப் போய்விட்டார்கள். இன்று, வீடு திரும்பலாம் என்று அறிவித்துவிட்டார்கள்.

ஏன் என்று கேட்க இங்கே உங்கள் வெள்ள எச்சரிக்கை அலுவலகத்துக்குப் போனேன். ஜீயபுரத்து மிதவைக் கருவி டெலிபோன் லைனில் அனுப்பிய நீர்மட்டம் நேற்று மாலை 240 சென்டிமீட்டர். பிறகு லைன் அறுந்துவிட்டது. காலையில் லைன் திரும்பியபோது திரையில் 31. பொறுப்பில் இருக்கும் வெள்ளைச்சாமி, "வடிஞ்சிருச்சுங்க டீச்சர், காபி சாப்பிடுங்க" என்றார். இங்கே அம்மா மண்டபத்தில் ஆற்றுப் படியே தெரியவில்லையே என்றேன். "மேல வடிஞ்சது இங்க தெரிய நேரமாகும்ல" என்றார்.

அந்தக் கருவிக்குப் புரோகிராம் எழுதியபோது சாப்பாட்டு மேசையில் நீங்கள் பதினாறு கட்டம் போட்டுக் காட்டினீர்களே, கட்டத்துக்கு ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1 என்று. லைன் அடிக்கடி அறுவதால் செய்தி அதற்குள் அடங்க வேண்டும் என்று நீர்மட்டத்துக்கு எட்டே கட்டம் கொடுத்தீர்கள். எட்டில் 255 வரைதானே அடங்கும் என்று கேட்டேன். "அதுக்கு மேல தண்ணி வந்தா கணக்குப் பாக்க யாரும் இருக்க மாட்டோம் டீச்சரம்மா" என்று சிரித்தீர்கள்.

255ஐத் தாண்டினால் எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். திரையில் வந்த 31 என்பது 256உம் 31உம் சேர்ந்த 287.

இதை வெள்ளைச்சாமியிடம் சொன்னேன். "பிழை பாக்க சார் வச்ச பிட்டே சரின்னு காட்டுதேங்க" என்கிறார். அனுப்பியது சிதையாமல் வந்தது என்பதை மட்டும்தான் அந்த பிட் சொல்லும். எட்டுக் கட்டத்தில் அடங்காமல் அனுப்பும் முன்பே உதிர்ந்துபோனது அதற்குத் தெரியாது. என் பேச்சை நம்பி அறிவிப்பை மாற்ற முடியாதாம், செய்தவர் சொல்லட்டுமாம்.

ஆகவே நீங்கள்தான் சொல்ல வேண்டும். அங்கே தலைமை அலுவலகத்தில் வயர்லெஸ் இருக்கிறது. "என் புரோகிராம் தவறு, ஜனங்களை மாடியை விட்டு இறக்காதீர்கள்" என்று சொல்லுங்கள். வேலை என்ன ஆகும் என்று பார்க்க வேண்டாம். என் சம்பளம் இருக்கிறது.

ரயில் சாயங்காலம்தான் வந்து சேரும் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் ஜீயபுரம் புறப்படுகிறேன். கரூர் பஸ் பாதி வழிதான் போகிறதாம், மீதியை நடந்துவிடுவேன். வீட்டுச் சாவி அடுத்த வீட்டு சாரா பீவியிடம் இருக்கும். உங்கள் மூச்சிரைப்பு மாத்திரை ஒரு அட்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஜெபத்தில் எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இன்று ஸ்டேஷனுக்கு வரும் வழியில் கோயிலுக்குள் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்றில் இரண்டு முறை அணைந்தது, மறுபடி ஏற்றிவிட்டு வந்தேன்.

பேரனுக்கு உங்கள் பெயரைத்தானே வைத்தோம், அதை நினைத்துக்கொண்டு பேசுங்கள். ஆண்டவர் உங்கள் நாவில் இருக்கட்டும்.

தங்கள்,
அக்னஸ்