மிக்கலெட்டுகளின் மிச்சக் கதை

சாமி,

நேற்றுக் கீழக்கரைக்குப் போயிருந்தேன். சங்குக் கிட்டங்கிக்குப் பின்னால், சதை அழுகட்டும் என்று புதைத்து வைத்திருந்த சங்குகளைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடையில் என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியே போனாள். நான் நின்றுவிட்டேன். எங்கள் ஊருக்குப் பங்குச்சாமியாராக வந்த புதிதில் நீங்கள் இதே இடத்தில் நின்று, ஒரு சங்கைக் கையில் தூக்கிச் சிரித்தது கண்ணுக்குள் வந்தது.

"உபதேசியார், இது எங்கள் மலையில் இருக்கிறது!" என்றீர்கள். மலையில் ஏது சங்கு என்று எனக்குச் சிரிப்பு. பிறகுதான் விளக்கினீர்கள். ஸ்பெயின் தேசத்துக் காத்தலோனியாவில், உங்கள் சொந்த மலையில், ஆபத்து வந்தால் கடற்சங்கை ஊதி ஆட்களைக் கூட்டுவார்களாம். கூடுகிறவர்களுக்கு மிக்கலெட்டுகள் என்று பெயராம். சீருடை கிடையாது, காலில் கயிற்றுச் செருப்பு, இடுப்பில் அவரவர் துப்பாக்கி. பெரிய ராஜாக்களின் பட்டாளத்தையே கணவாய்களில் மறித்துத் திணறடித்தவர்கள்.

அந்தச் சங்கின் நுனியை அராவி, கோயில் நடையில் தொங்கவிட்டீர்கள். கடலில் வள்ளத்துக்கு ஆபத்து என்றால் ஊத வேண்டும் என்று ஏற்பாடு. "மாதா கோயில்ல சங்கா?" என்று முணுமுணுத்தவர்கள்கூடச் சாயங்காலம் உங்கள் கதை கேட்க வந்து உட்கார்ந்தார்கள். நீங்கள் இங்கிலீஷில் சொல்வீர்கள், நான் தமிழில் சொல்வேன். உள்ளதைச் சொன்னால் நான் கொஞ்சம் கூட்டியே சொல்வேன். ஊரே வாய் பிளந்து கேட்டால் யாருக்குத்தான் நாக்கு நீளாது?

கதை முடிகிற நாளில் உங்கள் குரல் இறங்கிவிட்டது. சண்டை முடிந்த பிறகு துப்பாக்கியைக் கீழே வைக்க மனமில்லாமல் மிக்கலெட்டுகளில் பலர் வழிப்பறிக்காரர்களாகப் போனார்கள், சொந்த ஊர்களையே கொள்ளையடித்தார்கள் என்றீர்கள். உங்கள் வம்சத்திலேயே ஒருவர் பக்கத்து வீட்டைக் கொளுத்தியதை, தலையைக் குனிந்துகொண்டு சொன்னீர்கள். "இதையும் சொல்லுங்கள்" என்றீர்கள். எதிரில் ஐம்பது முகங்கள், அத்தனையிலும் பெருமிதம். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. "அத்தோட சண்டை முடிஞ்சு எல்லாரும் வீடு திரும்புனாக" என்று முடித்துவிட்டேன். உங்களுக்கு அப்போது அவ்வளவு தமிழ் வராது. தலையாட்டினீர்கள்.

அடுத்த மாதமே வடக்குக் குடியிருப்புக்காரர்களோடு கரைவலை இழுக்கும் இடத்துக்குத் தகராறு வந்தது. அவர்களும் நம் வேதக்காரர்கள்தான், பாதிப் பேர் நமக்குச் சம்பந்தி முறை. அதிகாரிகளைப் பார்த்துப் பேசி முடிக்க நீங்கள் காலை பஸ்ஸில் இராமநாதபுரம் போனீர்கள். நீங்கள் போன கொஞ்ச நேரத்தில் நாம் வலை இழுக்கும் இடத்தில் அவர்கள் வலை இறங்கிவிட்டது. நம் ஆட்கள் நாலு பேர் ஓடி வந்தார்கள்.

"என்னத்த பாத்துக்கிட்டு நிக்கிறீக உபதேசியாரே? சங்க எடுத்து ஊதுங்க!"

ஊதினேன் சாமி. மூன்று தடவை ஊதினேன். உங்கள் மலையில் நானே நிற்பதாக நினைப்பு. துடுப்பும் கம்புமாக ஊரே ஓடியது. வலைக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த வடக்குக் குடியிருப்பு அந்தோணியின் முகத்தில் ஒரு துடுப்பு விழுந்தது. வலது கண் போய்விட்டது.

நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நம் ஆட்கள் உங்களைச் சூழ்ந்துகொண்டு, "நாங்களும் மிக்கலெட்டுதான் சாமி!" என்றார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"மிச்சக் கதையைச் சொல்லவில்லையா?"

"அன்னைக்கு நேரமாயிருச்சு சாமி" என்றேன். தெரிந்தே செய்த தப்புக்கு அப்படி ஒரு சாக்கு.

விசாரிக்க வந்தவர்களிடம், "சங்கு என்னுடையது. ஆபத்தென்றால் ஊதச் சொன்னதும் நான்தான்" என்றீர்கள். ஊதியது யார் என்று எத்தனை தடவை கேட்டும் நீங்கள் வாய் திறக்கவில்லை. வெள்ளைக்காரச் சாமியார்தான் தூண்டிவிட்டார் என்று பேச்சாகி, உங்களை வேறு எங்கோ மாற்றினார்கள். நான் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினேன். உபதேசியார் வேலை போய்விடுமே என்ற பயத்தில் அப்போதும் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்து நீங்கள் இறந்த செய்தி வந்தது. உங்கள் ஆத்துமத்துக்காக ஊரைக் கூட்டி ஜெபம் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். அன்று என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

நேற்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. இன்று காலை வடக்குக் குடியிருப்புக்கு நடந்து போனேன். அந்தோணி கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன், ஊதியது நான் என்று. அவர் ஊசியை நிறுத்தவில்லை.

"ஊரவிட்டுப் போற அன்னைக்கு முதநா சாமி இங்கன வந்தாக. இந்த மண்ணுல முட்டுப் போட்டு, தெரிஞ்ச தமிழ்ல மன்னிப்புக் கேட்டாக. ஊதுனது யாரு சாமின்னு கேட்டேன். 'அவரே வருவார், நீங்க போய்க் கேக்காதீங்க'ன்னாக."

ஊசி நின்றது. இருக்கும் ஒற்றைக் கண்ணால் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"பதினோரு வருசமாச்சு. சாமி நம்மள ஏமாத்திட்டாகன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்?"

என்னை மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. எனக்காக ஊர்ப்பழியை ஏற்றீர்கள், அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். நான் வருவேன் என்று நம்பி நீங்கள் கொடுத்த வாக்கை, நீங்கள் இறந்த பிறகும் பொய்யாக்கி வைத்திருந்தவன் நான், சாமி.